யூதர்களின் சட்டங்களுக்குக் காரணம் உண்டா, கட்டளை என்பதே காரணமா?

மார்த்தாண்டத்தான் (கேள்வி):

எங்கள் வீட்டில் இந்த வருஷம் பைபிளை முதலிலிருந்து வரிசையாக வாசித்து வருகிறோம். ஆதியாகமமும் யாத்திராகமத்தின் முன்பாதியும் கதையாக ஓடிவிட்டன, லேவியராகமத்தில் வந்து மாட்டிக்கொண்டோம். சிறகும் செதிளும் இருந்தால் மீனைச் சாப்பிடலாம், இறாலும் நண்டும் கூடாது (குமரி மாவட்டத்தில் உட்கார்ந்து இதை வாசிப்பது தனி வேதனை). கம்பளியும் லினனும் கலந்த துணி உடுத்தக் கூடாது. எண்ணாகமத்தை முன்கூட்டியே புரட்டினால், பிணத்தைத் தொட்டவன் மேல் சிவப்புக் கிடாரியின் சாம்பல் கலந்த தண்ணீரைத் தெளிக்க வேண்டும் என்று இருக்கிறது. சர்ச்சில் கேட்டால் "அதெல்லாம் பழைய உடன்படிக்கை, நமக்கு இல்லை" என்று முடித்துக்கொள்கிறார்கள்.

நமக்கு இல்லை, சரி. இன்றைக்கும் கடைப்பிடிக்கிற யூதர்கள் இருக்கிறார்களே, அவர்கள் என்ன காரணம் சொல்லிக்கொள்கிறார்கள்? உடல்நலமா, தனி இனம் என்ற அடையாளமா, "கடவுள் சொன்னார், செய்கிறோம், அவ்வளவுதான்" என்பதா? கிறிஸ்தவ விளக்கம் வேண்டாம், அது மனப்பாடம். அவர்கள் தரப்பில் என்ன பேசியிருக்கிறார்கள் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மருந்துப்பெட்டி:

இதில் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை நண்பரே. சூடான நாடு, ஃபிரிட்ஜ் கிடையாது. பன்றிக்கறி சரியாக வேகாவிட்டால் டிரைக்கினெல்லா புழு உடம்பில் ஏறும். இறாலும் நண்டும் பிடித்த சில மணி நேரத்தில் கெட்டுப்போகும். பிணத்தைத் தொட்டால் விலகி இரு, குளி என்பது தொற்று தடுப்பு. அந்தக் காலத்துச் சுகாதாரத் துறை உத்தரவுகள்தான் இவை. மக்கள் கேட்க வேண்டுமே என்று கடவுள் பேரில் போட்டிருக்கிறார்கள். இப்போது ஃபிரிட்ஜும் டாக்டரும் இருக்கிறார்கள், உத்தரவு காலாவதி.

ஏட்டுச்சுரைக்காய்:

மருந்துப்பெட்டி, நீங்கள் சொல்வதை யூதர்களே சொல்லிப் பார்த்து, யூதர்களே அடித்தும் போட்டுவிட்டார்கள். அதுவும் 500 வருஷத்துக்கு முன்னால். முதலில் அதைச் சொல்கிறேன், அப்புறம் கேள்விக்கு வருகிறேன், கொஞ்சம் நீளும்.

12ஆம் நூற்றாண்டில் மைமோனிடீஸ் என்று ஒருவர். ஸ்பெயினின் கோர்தோபாவில் பிறந்தவர், எகிப்தில் சுல்தானின் அரண்மனை வட்டாரத்துக்கு மருத்துவம் பார்த்தவர், யூதச் சட்டம் முழுவதையும் தொகுத்தவர். அவர் பன்றியைப் பற்றி எழுதும்போது அது அழுக்கு மிருகம், அதை அனுமதித்தால் ஐரோப்பியர்களின் ஊர்களைப் போலத் தெருவும் வீடும் கழிப்பறையைவிட நாறும் என்கிறார். டாக்டர் புத்தி. ஆனால் 15ஆம் நூற்றாண்டில் அபர்பனேல் என்ற யூத அறிஞர் இதைப் பிடித்துக்கொண்டு கேட்கிறார்: நம்மைச் சுற்றி இருக்கிற மற்ற இனத்தார் பன்றியும் எலியும் தின்றுவிட்டு நல்ல திடமாகத்தானே நடமாடுகிறார்கள்? உடல்நலம்தான் நோக்கம் என்றால் எத்தனை விஷச்செடிகள் இருக்கின்றன, அவற்றில் ஒன்றையாவது தோரா (பைபிளின் முதல் ஐந்து நூல்கள்) தடுத்திருக்கிறதா? அப்படிப் பார்த்தால் கடவுளின் நூல் ஒரு சின்ன மருத்துவக் குறிப்பேடாகப் போய்விடாதா? இதற்கு இன்று வரை நல்ல பதில் இல்லை. நான் சேர்த்துக்கொள்வது ஒன்று: தடுக்கப்பட்ட பட்டியலில் ஒட்டகமும் முயலும் இருக்கின்றன. ஒட்டகக்கறியை அதே சூட்டில் அரேபியர் காலங்காலமாகச் சாப்பிட்டு வருகிறார்கள். டிரைக்கினெல்லாவுக்கும் பன்றிக்கறிக்கும் உள்ள தொடர்பு பிடிபட்டதே 19ஆம் நூற்றாண்டில்தான்.

சரி, கேள்விக்கு. அவர்கள் மரபில் மொத்தம் 613 கட்டளைகள் என்று கணக்கு. செய் என்பவை 248, செய்யாதே என்பவை 365. தல்மூதில் (அவர்களின் பழைய சட்ட விவாதங்களின் தொகுப்பு) இந்த எண்ணைச் சொன்ன ரப்பி (யூத மதகுரு) சிம்லாய், 248 மனித உடலின் உறுப்புகளுக்குச் சமம், 365 சூரிய வருஷத்தின் நாட்களுக்குச் சமம் என்கிறார். இதில் பெரிய பகுதி எருசலேம் ஆலயத்தோடு சேர்ந்தது. ஆலயம் கி.பி. 70இல் இடிந்த பிறகு பலி, ஆசாரியர் சம்பந்தப்பட்டவை எல்லாம் படிக்க மட்டும்தான். இன்று நடைமுறையில் செய்யக்கூடியவை முந்நூறுக்கும் குறைவு.

இந்தக் கட்டளைகளை தல்மூத் இரண்டாகப் பார்க்கிறது. கொலை செய்யாதே, திருடாதே போன்றவை ஒரு வகை: எழுதியிருக்காவிட்டாலும் எழுதத்தான் வேண்டியிருந்திருக்கும் என்று அதைச் சொல்கிறார்கள். இன்னொரு வகை, சாத்தானும் பிற ஜாதிகளும் வந்து "இதென்ன கூத்து?" என்று கேட்கிற வகை. பன்றிக்கறி, கம்பளியும் லினனும் கலந்த துணி, பாவநிவாரண நாளில் வனாந்தரத்துக்குத் துரத்தப்படும் ஆடு, இப்படி. இவற்றுக்கு தல்மூத் தருகிற பதில் சுருக்கம்: நான் கர்த்தர், நான் விதித்தேன், அதைக் கிண்ட உனக்கு உரிமை இல்லை.

இதற்கு உச்சம் நீங்கள் சொன்ன சிவப்புக் கிடாரி. அதன் சாம்பல் தீட்டானவனைச் சுத்தமாக்கும், ஆனால் அதைத் தயார் செய்கிறவனைத் தீட்டாக்கும். ஒரு வெளியாள் ரப்பி யோஹனான் பென் ஸக்காயிடம் வந்து "நீங்கள் செய்வது மந்திரவாதம் மாதிரி இருக்கிறதே" என்று கேட்டாராம். அவர் "உங்கள் ஊரில் பேய் பிடித்தவனுக்கு என்ன செய்வீர்கள்? வேரைப் புகைத்துத் தண்ணீர் தெளிப்பீர்கள் அல்லவா, அது போலத்தான்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஆள் போனதும் மாணவர்கள் விடவில்லை. அவரை ஒரு நாணலைக் கொண்டு தள்ளிவிட்டீர்கள், எங்களுக்கு என்ன சொல்லப் போகிறீர்கள்? அவர் சொன்னார்: பிணம் தீட்டாக்குவதும் இல்லை, தண்ணீர் சுத்தமாக்குவதும் இல்லை, இது ராஜாவின் உத்தரவு. ஒரு மதகுரு தன் மாணவர்களிடம் மூடிய அறையில் இப்படி ஒப்புக்கொண்டதை அந்த மதமே எழுதிப் பாதுகாத்து வைத்திருப்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்.

ஆனால் இதோடு கதவு அடைபட்டுவிடவில்லை. மைமோனிடீஸுக்கு இந்தப் பதில் பிடிக்கவே இல்லை. காரணமே இல்லாமல் கட்டளை இருப்பதுதான் தெய்வீகம் என்று நினைப்பவர்களின் மனசில் ஏதோ நோய் இருக்கிறது என்கிற அளவுக்குப் போகிறார். மனிதன்கூடக் காரணத்தோடு வேலை செய்யும்போது கடவுள் காரணமில்லாமல் செய்வாரா என்பது அவர் வாதம். அதனால் ஒவ்வொன்றுக்கும் தேடுகிறார். கலப்புத் துணி? அந்தக் காலத்து விக்கிரகப் பூசாரிகளின் உடை. மிருகபலி? அடிமைகளாக எகிப்திலிருந்து வந்த கூட்டத்துக்குப் பலி இல்லாத வழிபாடு என்றால் என்னவென்றே தெரியாது. திடீரென்று நிறுத்து என்றால், இன்றைக்கு ஒரு தீர்க்கதரிசி வந்து ஜெபம் வேண்டாம், உபவாசம் வேண்டாம், மனசுக்குள் நினைத்தால் போதும் என்று சொல்வது போல இருந்திருக்கும். அதனால் கடவுள் பலியை விட்டுவைத்து, தன் பக்கம் திருப்பி, ஒரே இடத்துக்குச் சுருக்கினார் என்கிறார். அடுத்த நூற்றாண்டில் நாஹ்மனிடீஸ் என்ற இன்னொரு யூத அறிஞர் கொதித்துப்போய் எழுதினார்: ஆபேல் பலி கொடுத்தபோது, நோவா பலி கொடுத்தபோது உலகத்தில் எந்த விக்கிரக ஆராதனை இருந்தது?

இன்னொரு விஷயம். பலி என்பது மக்களின் பழக்கத்துக்காகக் கடவுள் கொடுத்த சலுகை என்று எழுதிய இதே மைமோனிடீஸ், தன் சட்டத் தொகுப்பில் மேசியா வந்தபின் ஆலயம் கட்டப்படும், பலிகள் முன்போலவே நடக்கும் என்றும் எழுதியிருக்கிறார். முரண்பாடு என்று பலர் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். எனக்கு அதில்தான் பதில் இருப்பதாகத் தோன்றுகிறது. காரணம் தேடுவது ஒரு வேலை, சட்டம் சொல்வது வேறு வேலை. காரணத்தை எவ்வளவு தூரமும் தேடலாம், அது கிடைத்துவிட்டது என்பதற்காகச் சட்டத்தில் கை வைக்க முடியாது.

இதற்குச் சட்டத்திலேயே ஒரு வழக்கு இருக்கிறது. விதவையின் துணியை அடகாக வாங்கக் கூடாது என்று உபாகமம் சொல்கிறது. ரப்பி ஷிமோன் காரணத்தைப் பார்த்தார்: ஏழையின் அடகுத் துணியைத் தினமும் சாயந்தரம் திருப்பிக் கொடுக்க வேண்டும், அப்படிக் கடன் கொடுத்தவன் விதவை வீட்டுக்கு வந்து போய்க்கொண்டிருந்தால் அக்கம்பக்கம் பேசும், பணக்கார விதவைக்குத் தினமும் திருப்பிக் கொடுக்கும் தேவை இல்லை, அதனால் அவளிடம் வாங்கலாம். கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது. ரப்பி யெஹூதா ஒத்துக்கொள்ளவில்லை: விதவை என்றுதான் எழுதியிருக்கிறது, ஏழையானாலும் பணக்காரியானாலும் கூடாது. நின்றது யெஹூதாவின் தீர்ப்பு.

ஏன் இந்தப் பயம் என்பதற்கு அவர்கள் காட்டுகிற ஆள் சாலொமோன். தோராவில் காரணத்தோடு வந்த கட்டளைகள் சில. ராஜா நிறைய மனைவிகளை வைத்துக்கொள்ளக் கூடாது, மனசு திரும்பிவிடும். நிறையக் குதிரைகள் சேர்க்கக் கூடாது, அதற்காக எகிப்துக்குத் திரும்பிப் போக வேண்டி வரும். உலகத்திலேயே புத்திசாலி என்று பேர் வாங்கிய ராஜா, "காரணம்தான் தெரிந்துவிட்டதே, என் மனசு திரும்பாது, நான் போக மாட்டேன்" என்று இரண்டையும் செய்தார். மனைவியரும் மறுமனையாட்டிகளுமாக ஆயிரம் பேர், எகிப்திலிருந்து குதிரைகள், கடைசியில் அந்நிய தெய்வங்களுக்குக் கோயில். மற்றவற்றுக்குக் காரணம் சொல்லப்படாததே இதனால்தான் என்கிறது தல்மூத்.

மார்த்தாண்டத்தான்:

ஏட்டுச்சுரைக்காய் அண்ணே, அருமை. ஆனால் இது படித்தவர்களின் சண்டை. கடைப்பிடிக்கிற சாதாரண ஆள் இதையெல்லாம் நினைத்துக்கொண்டா செய்கிறான்? அப்புறம் "வெள்ளாட்டுக்குட்டியை அதன் தாயின் பாலில் சமைக்க வேண்டாம்" என்ற ஒரே வரியிலிருந்து கறிக்கு ஒரு பாத்திரம் பாலுக்கு ஒரு பாத்திரம் என்பது வரை எப்படிப் போனார்கள்? அதுதான் எனக்கு எட்டவே இல்லை.

வாவிக்கரை:

நான் மட்டக்களப்பு, இப்ப லண்டனில் இருக்கிறேன். ஒரு யூத முதியோர் இல்லத்தின் சமையலறையில் சில காலம் வேலை செய்திருக்கிறேன், அதனால் இரண்டாவது கேள்விக்குக் கொஞ்சம் சொல்லலாம்.

அங்கே எல்லாமே இரண்டு. இரண்டு சிங்க், இரண்டு அடுப்பு, இரண்டு செட் கரண்டி, கறிப் பக்கம் சிவப்பு, பால் பக்கம் நீலம். நீலக் கரண்டியை மறந்துபோய்க் கறிச்சட்டிக்குள் விட்டால் அன்றைக்கு மேற்பார்வையாளரைக் கூப்பிட வேண்டும். அவர் வந்து சூடா, ஆறியதா, கரண்டி கடைசியாக எப்போது எதில் போனது, சட்டியில் எவ்வளவு இருக்கிறது என்று விசாரிப்பார். அறுபதில் ஒரு பங்கு என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள், தவறி விழுந்தது அதைவிடக் குறைவாக இருந்தால் பெரும்பாலும் தப்பித்தோம். சூடான பாத்திரம் சுவையை உள்ளே இழுத்து வைத்திருக்கும், அடுத்த தடவை வெளியே விடும் என்பது அவர்களின் கணக்கு. அதனால்தான் இரண்டு செட்.

அந்த ஒற்றை வரி உண்மையில் ஒற்றை வரி இல்லை, தோராவில் மூன்று இடத்தில் அதே சொற்களில் வருகிறது. ஒன்று சமைக்காதே, ஒன்று சாப்பிடாதே, ஒன்று அதனால் எந்தப் பயனும் அடையாதே என்று ரப்பிகள் பிரித்துக்கொண்டார்கள். கோழியைப் பின்னால்தான் சேர்த்தார்கள். கோழிக்கு ஏது பால்? இதே கேள்வி அவர்களுக்கும் வந்திருக்கிறது, பழைய காலத்தில் கலிலேயரான ரப்பி யோசே என்பவரின் ஊரில் கோழியைப் பாலோடு சாப்பிட்டார்கள் என்று தல்மூதே சொல்கிறது. ஆனால் கோழிக்கறியும் ஆட்டுக்கறியும் ஒரே மாதிரி மேசைக்கு வருவதால் ஆட்கள் குழம்புவார்கள் என்று வேலி போட்டார்கள். கறி சாப்பிட்டபின் பால் சாப்பிடக் காத்திருக்கும் நேரம்கூட ஆளுக்கு ஆள் வேறு: பெரும்பாலோர் ஆறு மணி நேரம், ஜெர்மன் குடும்பங்கள் மூன்று, ஹாலந்துக்காரர் ஒன்று. ஒரே மேசையில் இதற்காகக் கிழவர்கள் சண்டை பிடித்ததைப் பார்த்திருக்கிறேன், அதுவும் சந்தோஷமான சண்டை.

காரணம் பற்றி யாரும் கதைத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. அம்மா இப்படிச் செய்தா, நானும் செய்யிறன், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை பின்னேரம்தான் எல்லாம் விளங்கும். பொழுதுபடுவதற்கு முன் எல்லாம் சமைத்து முடிந்திருக்க வேண்டும், டாய்லெட் பேப்பரைக்கூட முன்பே கிழித்து வைப்பார்கள். பொழுது பட்டால் ஷபாத் என்கிற ஓய்வுநாள் தொடங்கும், 39 வகை வேலைகள் நின்றுவிடும். விதைப்பது, அறுப்பது, நெய்வது, எழுதுவது, அழிப்பது, நெருப்பு மூட்டுவது, அணைப்பது என்று போகும் அந்தப் பட்டியல், வனாந்தரத்தில் ஆசரிப்புக் கூடாரத்தைக் கட்டச் செய்த வேலைகளிலிருந்து எடுத்ததாம். களைப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கட்டிலை வீட்டுக்குள் இழுத்துப் போடலாம், தீப்பெட்டியை உரசக் கூடாது.

ஆனால் ஒரு கிழவருக்கு ராத்திரி நெஞ்சுவலி வந்தபோது அந்த 39உம் ஒரு நொடியில் காணாமல் போனது. போன் அடித்தார்கள், லைட் போட்டார்கள், காரில் ஏறினார்கள். யாரும் யோசிக்கவில்லை. உயிர் என்று வந்தால் ஷபாத்தை மீறலாம் என்று இல்லை, மீறியே ஆக வேண்டும் என்பதுதான் சட்டம் என்று பிறகு சொன்னார்கள். "அவைகளின்படி செய்கிற மனிதன் அவைகளால் பிழைப்பான்" என்று லேவியராகமத்தில் வருமே, பிழைக்கத்தானே சொன்னது, சாகச் சொல்லவில்லையே என்று அதற்கு தல்மூதில் விளக்கம். விக்கிரக ஆராதனை, கொலை, தகாத உறவு மூன்றுக்கு மட்டும் இந்த விலக்குக் கிடையாது.

மருந்துப்பெட்டி:

சரி, பன்றி விஷயத்தில் ஒட்டகத்தைக் கொண்டுவந்து என்னை மடக்கிவிட்டீர்கள். ஆனால் பாலில் குட்டி விஷயத்தில் தொல்பொருள் ஆதாரம் இருக்கிறது என்று படித்திருக்கிறேனே, கானானியரின் சடங்கு அது, அதைத் தடுக்கத்தான் இந்தக் கட்டளை என்று. அப்போது காரணம் கிடைத்துவிட்டது அல்லவா?

ஏட்டுச்சுரைக்காய்:

அதற்கும் ஒரு கதை இருக்கிறது. விக்கிரக வழிபாடாக இருக்கலாம் என்று முதலில் ஊகித்தவர் மைமோனிடீஸ்தான். மூன்று இடங்களில் இரண்டில் இந்தக் கட்டளை திருவிழாக்களைப் பற்றிய பேச்சோடு சேர்ந்து வருவதை வைத்து. ஆனால் தான் படித்த பழைய மதங்களின் நூல்களில் இதற்கு ஆதாரம் பார்க்கவில்லை என்றும் நேர்மையாக எழுதிவிட்டார். அப்புறம் 1929இல் சிரியாவின் ராஸ் ஷாம்ராவில் உகாரித் நகரத்தின் களிமண் பலகைகள் கிடைத்தன. ஒரு பலகையில் சிதைந்த வரி ஒன்றை "குட்டியைப் பாலில் சமை" என்று வாசித்தார்கள், பாருங்கள், 700 வருஷம் கழித்து மைமோனிடீஸ் ஜெயித்தார் என்று கொண்டாடினார்கள். பின்னால் வந்த அறிஞர்கள் அந்த வாசிப்பையே தள்ளிவிட்டார்கள், எழுத்துகளை ஊகித்து நிரப்பியிருந்தார்கள், சமைப்பது என்ற பொருளும் நிற்கவில்லை. நீங்கள் படித்தது பழைய பதிப்பாக இருக்கும்.

சரி, அது நிஜமாகவே நிரூபணமாகி இருந்தால் மட்டும் என்ன நடந்திருக்கும்? வாவிக்கரை வேலை பார்த்த இல்லத்தில் ஒரு சிங்க்கை எடுத்துவிட்டிருப்பார்களா?

கறுப்பு ஆடு:

எல்லாரும் ரொம்ப ரசித்துப் பேசுகிறீர்கள், கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். இரண்டு விஷயம். முதலாவது, இவ்வளவு கறாரான சட்டம் என்கிறீர்கள், பஸ்கா வந்தால் புளித்த மாவுப் பொருள் ஒரு துளி வீட்டில் இருக்கக் கூடாது என்பதற்காக அலமாரியில் இருக்கிற விஸ்கியை யூதரல்லாத ஒருவருக்குப் பத்திரம் எழுதி விற்றுவிட்டு, பண்டிகை முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்கிறார்கள். பாட்டில் அலமாரியை விட்டு நகர்வதில்லை. ஷபாத்தில் தெருவில் பொருளைத் தூக்கிப் போகக் கூடாது, ஆனால் ஊரைச் சுற்றி கம்பத்தில் கம்பி கட்டினால் ஊரே ஒரு வீடு ஆகிவிடுமாம். கடவுளை ஏமாற்றுவதுதான் நோக்கமா?

இரண்டாவது இன்னும் கனமானது. விவாகரத்துப் பத்திரத்தைக் கணவன் தன் விருப்பத்தோடு கொடுத்தால்தான் செல்லும். கொடுக்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டால் மனைவி வேறு கல்யாணம் செய்ய முடியாது, வருஷக்கணக்காகக் கட்டிப் போடப்பட்ட மாதிரி இருக்கிறாள். மீறிப் பிள்ளை பெற்றால் அந்தப் பிள்ளையின் கல்யாணத்துக்கும் தடை. இதைப் பணம் பறிக்கப் பயன்படுத்துகிற ஆண்கள் இருக்கிறார்கள். காரணத்துக்காகச் சட்டத்தில் கை வைக்க மாட்டோம் என்பதை ஏட்டுச்சுரைக்காய் அழகாகச் சொன்னார், அதற்கு விலை கொடுப்பது யார் என்பதையும் சொல்லியிருக்கலாம்.

ஏட்டுச்சுரைக்காய்:

கறுப்பு ஆடு, இரண்டாவதில் உங்களோடு சண்டை போட என்னிடம் பெரிதாக ஒன்றும் இல்லை, முதலாவதை முடித்துவிட்டு வருகிறேன்.

ஏழாம் வருஷம் கடன்கள் எல்லாம் தள்ளுபடி என்று உபாகமம் 15 சொல்கிறது. ஏழைக்கு மூச்சு விட வழி. ஏழாம் வருஷம் நெருங்குகிறது என்று கடன் கொடுக்காமல் இருந்துவிடாதே என்றும் சேர்த்தே எச்சரிக்கிறது. நடந்தது என்ன? யாரும் கடன் கொடுக்கவில்லை. ஏழைக்காக வந்த சட்டம் ஏழையின் கழுத்தை நெரித்தது. ஏசு காலத்துக்குக் கொஞ்சம் முந்தியவரான ஹில்லேல், புரோஸ்புல் என்று ஒரு பத்திரம் கொண்டுவந்தார். கடனை நீதிமன்றத்தின் கையில் ஒப்படைத்துவிடு, தனி ஆளின் கடன்தானே தள்ளுபடி, நீதிமன்றம் வசூலிக்கலாம். இது சுற்றுவழிதான், மறுக்கவில்லை. ஆனால் யாருக்காக? சட்டத்தின் எழுத்தை அப்படியே விட்டுவிட்டு அதன் நோக்கத்தைக் காப்பாற்ற எழுத்துக்குள்ளேயே வழி தேடுகிறார்கள். ஏழாம் வருஷம் நிலத்தைத் தரிசாகப் போட வேண்டும் என்ற கட்டளையிலும் இதேதான்: 1880களில் பாலஸ்தீனத்தில் புதிதாகக் குடியேறிய விவசாயிகள் ஒரு வருஷம் பயிர் வைக்காவிட்டால் பட்டினி என்ற நிலையில், 1889இல் நிலத்தைத் தற்காலிகமாக யூதரல்லாதவருக்கு விற்று உழ அனுமதித்தார்கள். அதை அன்றைக்கே எதிர்த்த ரப்பிகள் உண்டு, இன்றைக்கும் அந்த விளைச்சலை வாங்காதவர்கள் உண்டு. விஸ்கி பாட்டிலுக்கு இந்த உயரமான நியாயம் பொருந்துமா என்றால், எனக்கும் சிரிப்புதான் வருகிறது.

"கண்ணுக்குக் கண்" என்பதையும் பாருங்கள். தல்மூத் அதை முழுக்க நஷ்டஈடாக மாற்றிவிட்டது: காயம், வலி, வைத்தியச் செலவு, வேலை இழப்பு, அவமானம் என்று ஐந்து தலைப்பில் பணம். குருடன் ஒருவன் இன்னொருவனைக் குருடாக்கினால் எந்தக் கண்ணைப் பிடுங்குவாய் என்று கேட்கிறார்கள். ஆக, வேண்டும் என்றால் அவர்களால் எழுத்தைத் தாண்டி வெகுதூரம் போக முடியும்.

அதனால்தான் விவாகரத்து விஷயம் உறுத்துகிறது. கணவன் இறந்தானா என்று தெரியாத பெண்ணுக்காக அந்தக் காலத்திலேயே சாட்சி விதியைத் தளர்த்தினார்கள். வழக்கமாக இரண்டு சாட்சி வேண்டும், இங்கே ஒன்று போதும், பெண்ணின் சாட்சியும் செல்லும். 1973 போரில் காணாமல் போன வீரர்களின் மனைவியர் மறுமணம் செய்ய வழி கண்டுபிடிக்க ரப்பி ஓவாடியா யோசெஃப் ஒவ்வொரு வழக்காக உட்கார்ந்து தீர்ப்பு எழுதினார். உயிரோடு இருந்துகொண்டு பத்திரம் தர மறுக்கிற கணவன் விஷயத்தில் மட்டும் அந்தத் துணிச்சல் வரவில்லை. இஸ்ரேலில் 1995 சட்டப்படி அப்படிப்பட்டவனின் ஓட்டுநர் உரிமத்தை முடக்கலாம், வங்கிக் கணக்கை முடக்கலாம், சிறையில்கூடப் போடலாம். பிரிட்டனிலும் நியூயார்க்கிலும் சிவில் விவாகரத்தை இதோடு முடிச்சுப் போட்டுச் சட்டங்கள் இருக்கின்றன. கல்யாணத்துக்கு முன்பே ஒப்பந்தம் எழுதி வாங்குகிற வழக்கமும் பரவுகிறது. எல்லாம் வெளியிலிருந்து கொடுக்கிற அழுத்தம். முடிச்சு அப்படியே இருக்கிறது. "காரணம் வேறு, சட்டம் வேறு" என்ற கொள்கையை நான் ரசித்தேன்தான், அதன் இந்த முகத்தை ரசிக்க முடியவில்லை.

வாவிக்கரை:

கறுப்பு ஆட்டுக்கு ஒரு சின்னக் குறிப்பு. கம்பி விஷயத்தை அந்த இல்லத்துக் கிழவி ஒருவரிடம் நானும் கேட்டிருக்கிறேன். கம்பி இல்லாத ஊரில் தள்ளுவண்டிக் குழந்தை வைத்திருக்கிறவள் ஷபாத் முழுக்க வீட்டுக்குள்ளேயே கிடக்க வேண்டும், வண்டியைத் தெருவில் தள்ளவே கூடாது, ஆம்பிளையள் மட்டும் ஜெபக்கூடத்துக்குப் போய் வருவினம், அதைவிடக் கம்பி நல்லதுதானே என்றா.

மார்த்தாண்டத்தான்:

எல்லாருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று. அப்படியானால் காரணம் ஒத்துவராத கட்டளையை "இது எங்களுக்கு வேண்டாம்" என்று வெளிப்படையாகத் தள்ளிய யூதர்களே இல்லையா? யாராவது முயன்றிருப்பார்களே?

ஏட்டுச்சுரைக்காய்:

இருக்கிறார்கள், அமெரிக்காவில் கணிசமாகவே. சீர்திருத்த யூதம் என்று 19ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில் தொடங்கியது. 1885இல் பிட்ஸ்பர்கில் கூடிய அவர்களின் ரப்பிகள் தீர்மானமே போட்டார்கள்: ஒழுக்கச் சட்டங்கள் மட்டும்தான் நம்மைக் கட்டும், உணவு, ஆசாரியத் தூய்மை, உடை பற்றிய மோசேயின் சட்டங்கள் வேறொரு காலத்தின் எண்ணங்களிலிருந்து வந்தவை, இன்றைக்கு அவை பக்தியை வளர்ப்பதைவிடத் தடுக்கத்தான் செய்யும். மருந்துப்பெட்டி அங்கே இருந்திருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பார்.

அதற்கு இரண்டு வருஷம் முன்பே, 1883 ஜூலையில், சின்சினாட்டியில் அவர்களின் ரப்பிக் கல்லூரியில் முதல் பட்டமளிப்பு. விருந்தில் சிப்பி, நண்டு, இறால், தவளைக்கால், மாட்டுக்கறி, அதற்குப் பின்னால் ஐஸ்க்ரீம், பாலாடைக்கட்டி. பன்றி மட்டும் இல்லை. கூப்பிட்டிருந்த பழமைவாதிகள் சிலர் பாதியில் எழுந்து போனார்களாம். அந்தக் கோபமும் சேர்ந்துதான் 1886இல் நியூயார்க்கில் போட்டிக் கல்லூரி வந்தது.

இதற்கு நேர் எதிர்க் கோடியில் எருசலேமில் யெஷாயாஹு லைபோவிட்ஸ், 1994இல் காலமானார், உயிர்வேதியியல் பேராசிரியர், அதே நேரத்தில் கறாராகக் கட்டளைகளைக் கடைப்பிடித்தவர். கோஷர் (சட்டப்படியான சாப்பாடு) உடம்புக்கு நல்லது, ஷபாத் மனசுக்கு ஓய்வு, என்று யாராவது ஆரம்பித்தாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். உன் நன்மைக்காகச் செய்தால் நீ உன்னைத்தான் வணங்குகிறாய், கடவுளை இல்லை என்பது அவர் கட்சி. ஒரு விஞ்ஞானி இப்படிப் பேசினார் என்பதை மருந்துப்பெட்டி கவனிக்க வேண்டும்.

சீர்திருத்தக்காரர்களும் அப்படியே நிற்கவில்லை. 1999இல் அதே பிட்ஸ்பர்கில் மறுபடி கூடி இன்னொரு அறிக்கை வெளியிட்டார்கள். அதில் பழைய கட்டளைகளைத் திரும்ப எடுத்துப் படியுங்கள், உங்களிடம் பேசுகிறவற்றைக் கடைப்பிடியுங்கள் என்று இருக்கிறது. இப்போது அவர்களில் சிலர் இறாலைத் தொடுவதில்லை. ஏன் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு காரணம் வைத்திருக்கிறார்கள்.